வந்துட்டு இருக்கேன்

"கையை எடு!"

"முதல்ல நீங்க ஒயரை உருவுங்க அண்ணி..."

"கையை எடுன்னு சொல்றேன், அது..."

"வெடிச்சா? வெடிச்சா என்ன பண்ணுவீங்க? மேலே அம்மா..."

"அவர் எழுதிக்கிட்டிருக்காருடி!"

"...மேலே அம்மா படுத்த படுக்கையா கிடக்காங்களே, அவங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களா, இந்தப் போனைத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்களா?"

அண்ணி நாத்தனாரின் கையைத் தட்டிவிட்டாள். கேள்வி அவ்வளவு சுலபமாக இல்லை.

சலவைக் கடையின் பின்னறை அது. லாட்ஜிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்த வெள்ளை விரிப்புகள் துவைத்துத் தேய்த்து ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்குகளில் உயரம் குறைந்த ஒன்றின் மேல், மடித்த துண்டுக்குள், செத்துப்போனவருடைய போன் கிடந்தது. அண்ணிக்குப் புருஷன், நாத்தனாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். துவைக்கும் மெஷினுக்குள் கையை விட்டு ஈரத்துணியை உருவிக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின்மேல் சாய்ந்தார். மாரடைப்பு. அதன்பின் ஆடி ஓய்ந்த வீட்டில் ஓயாதது அந்தப் போன் ஒன்றுதான். அது ஒரு நாள்கூட சார்ஜரை விட்டு இறங்கவில்லை.

"அணைஞ்சா அவரே அணைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள் அண்ணி. முதலில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் வந்த வீட்டில் ஒருத்தி சட்டையை வைத்துக்கொள்வாள், ஒருத்தி செருப்பை வைத்துக்கொள்வாள். இவள் போனை வைத்துக்கொண்டாள். மாதாமாதம் ரீசார்ஜ்கூடச் செய்தாள்.

இப்போது அந்தப் போன் பேசத் தொடங்கியிருந்தது.

"இங்க பாரு." அண்ணி தன் போனை நாத்தனாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "காலையில வந்தது. படி. வாய்விட்டுப் படி."

"நான் படிக்க மாட்டேன்."

"பயமா?"

"எனக்கென்ன பயம். 'சாப்பிட்டியா' ன்னு இருக்கு. கீழே 'வந்துட்டு இருக்கேன்'. அதுக்குக் கீழே மறுபடியும் 'வந்துட்டு இருக்கேன்'. அதுக்குக் கீழே ஏழெட்டு 'க'. போதுமா?"

"உங்க அண்ணன் எழுத்தா இல்லையா?"

நாத்தனார் மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தாள். அவன் எழுத்துத்தான். கடைக்கு வெளியே எங்கே போனாலும் அவன் வீட்டுக்கு அனுப்புவது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். 'வருகிறேன்' என்று ஒருநாளும் எழுதியதில்லை, 'வந்துட்டு இருக்கேன்' தான். வராவிட்டாலும் அதுதான். தெருமுனையில் நின்று அரட்டை அடித்துக்கொண்டே 'வந்துட்டு இருக்கேன்' என்று அனுப்புகிற ஆள்.

"நேத்து கூப்பிட்டாரு. எடுத்தேன்" என்றாள் அண்ணி, குரலைத் தாழ்த்தி. "பேசல. ஆனா அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. நம்ம மெஷின் சுத்துற சத்தம். அப்புறம் ஒரு பொம்பளை மூச்சு விடுற சத்தம்."

"போன் இந்த ரூம்ல கிடக்கு, நீங்களும் இந்த ரூம்ல நின்னீங்க. உங்க மூச்சுதான் அண்ணி அது!"

"அப்போ என் மூச்சைக் கேக்கத்தான் கூப்பிட்டாரு."

நாத்தனார் விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். எதிர்க்கடையைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

எதிர்க்கடை போன் ரிப்பேர் கடை. அதன் சொந்தக்காரருக்குத் தெரு வைத்த பெயர் லென்ஸ். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டே டீ குடிப்பார், அதோடே சண்டை போடுவார், கல்யாண வீட்டுக்கும் ஒருமுறை அதோடே போய்விட்டார்.

"என்னம்மா, தண்ணிக்குள்ள போட்டுட்டீங்களா? சலவைக் கடைன்னா அதுதானே வரும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், துண்டை விலக்கியதும் சிரிப்பை நிறுத்தினார்.

போன் வயிறு தள்ளிக் கிடந்தது. பின்மூடி ஒரு பக்கம் பிளந்து, கண்ணாடி மறுபக்கம் எழும்பியிருந்தது. இடுக்கு வழியாக உள்வெளிச்சம் கோடாகக் கசிந்தது. கண்ணாடியில் எழுத்துக்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. யார் விரலும் அதன்மேல் இல்லை.

"யாரும் தொடாதீங்க. சார்ஜரை மட்டும் சுவர்ல அணைச்சிட்டு உருவுங்க. போன் பக்கமா உருவ வேண்டாம்." குரலில் விளையாட்டு போய்விட்டிருந்தது. "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"உப்ப ஆரம்பிச்சு கொஞ்ச நாளாச்சு" என்றாள் அண்ணி. "அதுக்கென்ன, மனுஷன் உப்புறதில்லையா?"

"மனுஷன் உப்பினா டாக்டர்கிட்ட போறான். இது பேட்டரிம்மா. ராவும் பகலும் சார்ஜ்ல, அதுவும் துணிக்குள்ள. சூடு எங்கே போகும்? உள்ளேயே காத்தா மாறி உப்புது. சின்ன ஓட்டை விழுந்தா போதும்." அவர் சுற்றிலும் பார்த்தார். ஆளுயரத்துக்குப் பருத்தி. மேலே மரப்பலகைத் தளம். "நல்ல இடமா பார்த்துத்தான் வச்சிருக்கீங்க."

"பேட்டரியைப் பத்தி அவகிட்ட பேசிக்கோங்க. எழுதுறது யாரு? அதைச் சொல்லுங்க."

லென்ஸ் குனிந்து பார்த்தார். தொடாமல்தான் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் போனுக்குப் பூட்டே போடலையா?"

"பீரோவுக்கே போட மாட்டாரு."

"அதான். பேட்டரி உள்ளேயிருந்து கண்ணாடியை முட்டுது. வெளியே விரல் அழுத்தினாலும் உள்ளே பேட்டரி அழுத்தினாலும் கண்ணாடிக்கு ஒண்ணுதான். பூட்டு இருந்திருந்தா வாசல்லயே நின்னிருக்கும். இல்லாததால நேரா உள்ளே போயிடுது. கடைசியா அவர் யார்கூடப் பேசினாரு?"

"என்கூட."

"அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கு. அடிக்கடி எழுதுற வார்த்தையை எழுத்துப்பலகை ஞாபகம் வச்சுக்கும். எடுத்துக்கோன்னு மேல் வரிசையில நீட்டும். பேட்டரி அந்த இடத்துல முட்டினா அந்த வார்த்தை போகும். கொஞ்சம் தள்ளி முட்டினா உங்களுக்குக் கால் வரும். பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

நாத்தனார் நெடுமூச்சு விட்டாள். "கேட்டுக்கிட்டீங்களா அண்ணி?"

"கேட்டேன். வார்த்தை அவருடையதுதானே? அதையும் இவர்தானே சொல்றாரு."

லென்ஸ் இன்னும் குனிந்தார். பிறகு பிளந்த விளிம்பைப் பார்த்துக் கேட்டார்: "இதை யாரு அமுக்கினது?"

நாத்தனார் சுவரோரம் நகர்ந்தாள்.

"சும்மா உப்பின போன் இப்படி வளையாது. ஏதோ கனமா மேலே ஏறியிருக்கு. நடுவுல பள்ளம் இருக்கு பாருங்க, முக்கோணமா."

அந்த அறையில் முக்கோண முனையுள்ள கனமான பொருள் ஒன்றுதான் உண்டு. அது ஆறிப்போன பழைய இஸ்திரிப் பெட்டி. கரி போடுகிற காலத்துப் பெட்டி. உப்பிய மடிப்பை, எழும்பிய காலரை, அடங்காத தையலை அதன் கீழே வைத்து ராத்திரி முழுக்க விட்டால் காலையில் படிந்துவிடும். சலவைக்காரிக்கு உப்பின எதுவும் அப்படித்தான் தெரியும்.

"நான்தான்" என்றாள் நாத்தனார். "மூடி எழும்பியிருந்துச்சு. அமுக்கி வச்சா சரியாயிடும்னு... ஒருநாள் வச்சேன்."

"அடிப்பாவி பொண்ணே! துணின்னு நினைச்சியா? குத்தவும் கூடாது, அமுக்கவும் கூடாது. உள்ளே கிழிஞ்சிருந்தா நீயும் பெட்டியும் கூரைமேல இருந்திருப்பீங்க."

அண்ணி மெல்லத் திரும்பினாள். "எந்த நாள்?"

"ஆஸ்பத்திரி விரிப்பு வந்த அன்னைக்கு."

"அன்னைக்குச் சாயங்காலம்தான் அவர் முதல்ல எழுதினாரு." அவள் முகத்தில் கோபம் இல்லை. "அப்போ நீதான் அவரைப் பேச வச்சிருக்கே. உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேனே."

"அண்ணி, இப்படி எல்லாம் பேசாதீங்க."

"புது பேட்டரி போடலாம்மா" என்றார் லென்ஸ் அவசரமாக. "படம், பாட்டு, அவர் பேசினது எல்லாம் அப்படியே இருக்கும். எதுவும் போகாது."

"எழுதுமா?"

"எப்படி எழுதும்? நல்ல போன் சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கிற போன் எனக்கு எதுக்கு? சும்மா இருக்கிறதுக்குத்தான் சுவர்ல போட்டோ இருக்கே." அண்ணி அடுக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே வந்து நின்றாள். "வாசனைகூட வருது. நீங்க குனிஞ்சீங்களே, தெரியலையா? பழம் பழுத்த மாதிரி. நேத்துலேர்ந்து வருது. அவர் வர்றதுக்கு முன்னாடி வர்ற வாசனை."

லென்ஸ் ஓரடி பின்னால் வைத்தார். "அது பேட்டரி கசியுற வாசனை" என்றார் மெதுவாக. "இனிப்பாத்தான் இருக்கும். அம்மா, நான் கெஞ்சிக் கேக்கறேன். வர்றது அவர் இல்ல. நெருப்பு."

மாடியில் கிழவி இருமினாள். மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பலகை இடுக்கிலிருந்து தூசி ஒரு இழையாக இறங்கியது.

நாத்தனார் வாதத்தை விட்டுவிட்டாள். சார்ஜரைச் சுவரில் அணைத்து, உருவி, ஒயரைத் தூக்கினாள். அது வரவில்லை. விரிப்பும் கூடவே வந்தது. போனைத் தொடாமல் லென்ஸ் ஒரு பிளாஸ்டிக் அட்டையால் ஒயரைப் போனிலிருந்தும் விரிப்பிலிருந்தும் நெம்பிவிட்டார். ஒயரின் முனை உருகி வெள்ளை விரிப்பில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் பழுப்பு வட்டம்.

போன் கிடந்த துண்டு அப்படியே இருக்க, அண்ணி அந்த விரிப்பின் ஓரத்தைக் கையில் எடுத்தாள். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் பார்த்தாள். அடுத்த விரிப்பின் ஓரத்தைப் புரட்டினாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் லேசாக இருந்தது. ரத்தக்கறையையும் மஞ்சள்கறையையும் துருக்கறையையும் போக்கியவள். இது கறை இல்லை, துணியே மாறிப்போனது என்று அவள் விரலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"இது போகாது" என்றாள். விரிப்பின் ஓரத்தை விட்டுவிட்டு, "எடுங்க" என்றாள்.

லென்ஸ் தாமதிக்கவில்லை. ஒரு தட்டைக் கேட்டு வாங்கினார். அட்டையால் தள்ளி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலப் போனைத் தட்டில் ஏற்றினார். பின்வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தரை, பட்டப்பகல் வெயில், கொடியில் துணி ஒன்றும் இல்லை. தன் கடையிலிருந்து மணல் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"தண்ணி வேணுமா?" என்றாள் நாத்தனார்.

"தண்ணி வேண்டாம், மணல் போதும். தள்ளி நில்லுங்க. ரெண்டு பேரும்."

அண்ணி தள்ளித்தான் நின்றாள். ஆனால் தன் போனைக் கண்ணுக்கு முன்னால் பிடித்திருந்தாள். அதில் அவர் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்...' என்று வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள். "எழுதிக்கிட்டிருக்காரு. இந்த ஒண்ணு முடிக்கட்டும்."

"முடியாதும்மா. சூடு ஏறுது."

"இது அந்த வார்த்தை இல்ல. அதுன்னா சட்டுனு வந்துடும். இது ரொம்ப நேரமா எழுதுறாரு. புதுசா ஏதோ சொல்ல வர்றாரு. ஒரே ஒரு வார்த்தை..."

"அண்ணி, கண்ணை மூடிக்கோங்க" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள் நாத்தனார்.

லென்ஸ் அட்டையை இடுக்கில் நுழைத்தார். மூடி தானாகவே கழன்றது. உள்ளே வெள்ளிநிறத் தலையணை போல ஒன்று பருத்துக் கிடந்தது. சின்ன நாடா ஒன்றை நெம்பினார். கண்ணாடி கறுத்தது. பேட்டரியை மெல்லப் பெயர்த்து மணலில் விட்டு, மேலே மணலைத் தள்ளினார். மணலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு 'உஸ்' கேட்டது, மூச்சைப் பிடித்திருந்தவர் விடுவது போல. மணல் ஓரிடத்தில் சரிந்து அடங்கியது. பழ வாசனை முற்றத்தை நிறைத்துவிட்டு மெல்லக் கலைந்தது.

"ஆச்சு" என்றார் லென்ஸ். நெற்றியைத் துடைத்தார். "பிழைச்சோம். இது இங்கேயே இருக்கட்டும், நான் பிறகு கொண்டுபோறேன். குப்பைத்தொட்டியில போட்டுடாதீங்க."

தட்டில் போன் கூடாகக் கிடந்தது. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் கண்ணாடி, நடுவில் வெறும் பள்ளம்.

"போகலையே" என்றாள் அண்ணி.

"எது?"

அவள் தன் போனைக் காட்டினாள். அவர் பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்...' என்று இருந்தது. மூன்று புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தாழ்ந்தன.

"நெட் தாமதம்" என்றார் லென்ஸ். "அந்தப் பக்கம் செத்தது இந்தப் பக்கம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். இப்போ போயிடும் பாருங்க."

பார்த்தார்கள். மூன்று தலைகளின் நிழலும் கண்ணாடியில் விழுந்தது. வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று அண்ணி கையால் மறைத்துப் பிடித்தாள். இப்போது நன்றாகத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் லென்ஸ்.

புள்ளிகள் எழும்பித் தாழ்ந்தன. லென்ஸ் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வெறுங்கண்ணால் ஒருமுறை குனிந்து பார்த்தார். தட்டில் கிடந்த கூட்டைப் பார்த்தார், மணல் வாளியைப் பார்த்தார்.

அண்ணியின் முகத்தில் சிரிப்பு வந்தது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டவளுக்கு வருகிற சிரிப்பு. அவள் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே வெள்ளை விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே நிற்காமல் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

நாத்தனார் அண்ணியின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, உதட்டருகே கொண்டுபோய், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னாள்:

"அண்ணே, எங்கே இருக்கியோ அங்கேயே இரு. வராதே."