பதினோராவது வரி

ஒப்பாரியின் நடுவே அலாரம் அடித்தது. பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். சத்தம் பிணத்தின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

சரிதாதான் கையை விட்டுப் போனை எடுத்தாள். அண்ணன் ரஞ்சித் எதற்கும் பூட்டு போடாத ஆள்; போனுக்கும் போட்டதில்லை. திரையில் அவனே எழுதி வைத்திருந்த வரி ஒளிர்ந்தது: 'இன்று மாலை ஐந்து மணி. பட்டியல் அனுப்பு. விட்டால் அடுத்த வருடம்தான்.'

என்ன பட்டியல் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையம் வைத்திருந்த ரஞ்சித், மீதி நேரமெல்லாம் ஒரு கட்டற்ற மென்பொருள் குழுவுக்கு உழைத்தான். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று தமிழில் மென்பொருள் செய்யும் குழு. கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் அங்கே வேலை பழகுவார்கள். அவர்களுக்கு என்னென்ன வேலை தரலாம் என்று மூன்று மாதமாக யோசனைகளைத் திரட்டிக்கொண்டிருந்தான். இன்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது.

"அத்த அணைச்சு வெய்டி," என்றாள் அம்மா மாதம்மாள். "உசுரோட இருந்தப்பவும் அந்தக் கருமத்ததான் கட்டிக்கினு கெடந்தான்."

மூன்று மணிக்கு மேளம் கிளம்பியது. ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பி, தலை முழுகி, வீடு கழுவத் தொடங்கினார்கள். சரிதா ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினாள். ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான்.

"அண்ணன இன்னும் குழியில எறக்கல, இவ தொட்டி மேல ஏறிக்கினா பாரு!" என்று கத்தினாள் சின்னம்மா திரௌபதி.

சரிதா பட்டியலைத் திறந்தாள். பதினோரு யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகாட்டிகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி நீக்கப்படும் என்பது விதி. இரண்டாவது ஆள் கிடைக்காத இடத்தில் ரஞ்சித் தன் பெயரையே போட்டு வைத்திருந்தான். பத்து வரிகளில் அப்படித்தான். பதினோராவதில் முதல் ஆளே அவன்தான். அடுத்த கட்டம் காலி.

குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள்.

"நான் ரஞ்சித் தங்கச்சி பேசுறேன். அண்ணன் காலையில தவறிட்டாரு. அஞ்சு மணிக்குள்ள பட்டியல் போவணும். அவரு பேர் கீற எடத்துல வேற பேர் குடுங்க."

அடுத்த நிமிடமே போன் அதிரத் தொடங்கியது. ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். கூப்பிய கைகள். மெழுகுவத்தி. அறுபது பேர் எழுதியிருந்தார்கள். வழிகாட்டியாக ஒரு பெயர்கூட வரவில்லை. மணி நாலேகால்.

சரிதாவுக்கு அன்று முதன்முறையாகக் கோபம் வந்தது.

"இரங்கல் போதும்ங்க. கை கூப்பினவங்க அப்பிடியே அந்தக் கையத் தூக்குங்க. யாரு எந்த வேலைய எடுத்துக்கிறீங்க?"

இரங்கல் செய்திகள் நின்றன. பிறகு ஒரு வரி வந்தது: 'புத்தகத்தைப் படித்துக் காட்டும் செயலி, நான். நவீன்குமார், கண்ணமங்கலம். ரஞ்சித் மூணு தடவை கேட்டாரு. பாக்கலாம்னு சொல்லிட்டேன்.'

அதன்பின் நிற்கவில்லை. எழுத்துப்பிழை திருத்திக்கு ஆதிநாராயணன். விசைப்பலகைக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவரை அடுத்த வரிக்குத் தள்ளினாள். நாலே முக்காலுக்குள் பத்து வரிகளும் நிறைந்தன. ஒவ்வொரு முறையும் அண்ணன் பெயரை அழிக்கையில் விரல் கொஞ்சம் தயங்கியது. அழித்தாள்.

பதினோராவது, அவர்கள் ஊர் மலைப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள். 'நாற்பது மணி நேரக் குரல் பதிவு தயார்' என்று அருகில் குறிப்பு. குழுவின் பொறுப்பாளர் ஷோபனா சென்னையிலிருந்து அழைத்தாள். ஒரு கை ஏணியில் இருந்ததால் சரிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பத்து வந்துருச்சு சரிதா. இதுவே பெரிய விஷயம்மா. கடைசிய எடுத்துடலாமா? அந்தப் பேச்சு இங்க யாருக்கும் தெரியாது."

"எடுக்காதீங்க மேடம். என் பேரப் போடுங்க."

"உனக்கு கோடிங்..."

"பேச்சு தெரியும். கோடிங் தெரிஞ்ச பசங்கதானே வரப்போறாங்க?"

ஷோபனா சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு வருந்தியவள் போல் தொண்டையைச் செருமினாள்.

"சரி. ஆனா ரெண்டு பேர் வேணுமே. அந்த நாப்பது மணி நேரப் பதிவுங்கள சரிபார்க்க ஒருத்தர். இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு."

சரிதா கீழே பார்த்தாள். மாதம்மாள் ஏணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. திட்டுதான் வரப்போகிறது என்று சரிதா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"என் பேர எழுதுடி," என்றாள் மாதம்மாள். "அந்த நாப்பது மணி நேரமும் இன்னா, வேற எவளாச்சுமா பேசினா?"