இன்ஜினில் தண்ணி வரலை

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்த நேரத்தில், இளவரசு கொள்ளிச்சட்டியைச் சித்தப்பா கையில் திணித்துவிட்டு வீட்டின் பக்கவாட்டுக்கு ஓடினான். அங்கே மரச்சட்டத்தில் அப்பாவின் படகு இன்ஜின் மாட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தான். இரண்டு இழுப்புக்கு முரண்டு பிடித்துவிட்டு மூன்றாவதில் அது கிளம்பியது. முதுநகர் தெருவே திரும்பிப் பார்த்தது.

தங்கை புருஷன் தமிழ்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "மச்சான், தண்ணியில்லாம ஓட்டாதீங்க. பம்புல இருக்கிற ரப்பர் கருகிடும். ஒரு ட்ரம்முல தண்ணி புடிச்சாவது இறக்குங்க."

"எங்கப்பா இன்ஜின். எனக்குத் தெரியும் மாப்ள."

பாடை வாசலைத் தாண்டும்வரை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தோடுதான் அப்பா உத்திராபதி வீட்டைவிட்டுப் போனார். பெண்கள் இன்னும் ஒரு பாட்டம் அழுதார்கள். "புள்ளைன்னா இவன்தான் புள்ளை" என்றார் சித்தப்பா சுப்பிரமணியன். அது தமிழ்மணி காதில் விழுந்ததா என்று இளவரசு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். அப்பன் பிணம் வாசலில் இருக்கும்போது பார்க்கிற விஷயமா இது? இல்லைதான். ஆனாலும் பார்த்தான்.

அவன் வயிற்றெரிச்சல் இன்று நேற்றையது இல்லை. உத்திராபதி நிலத்தை விட்டுவிட்டு உப்பனாற்றில் நண்டு வலை போட வந்த மனுஷர். சின்ன ஃபைபர் படகு, அதற்கேற்ற இன்ஜின். ஓடும்போது அதன் பின்பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒரு நூலாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் உள்ளே போய் இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த நூல் நின்றுவிட்டால் உத்திராபதி உடனே சிதம்பரத்துக்குப் போன் போடுவார். "மாப்ள, இன்ஜின்ல தண்ணி வரலை. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க."

அடுத்த அறையில் மகன் இருந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கூலிங் டவர் பார்க்கிறவன். எட்டு மணி நேரமும் அவன் வேலையே தண்ணீர் சில்லென்று போய் சூடாகத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான். "நான் பாக்கட்டுமாப்பா?" என்று கேட்டால், "நீ நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்க, தூங்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி வருவான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். பத்து நிமிஷம் இன்ஜினோடு எதையோ நோண்டுவான். தண்ணீர் பீய்ச்சும். அப்புறம் மத்தியானம் முழுக்க மாமனாரும் மருமகனும் நண்டுக் குழம்பும் சிரிப்பும்தான். இளவரசு உள்ளே படுத்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பான். பெற்ற பிள்ளையிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, அஸ்தியைச் சட்டியில் எடுத்து மஞ்சள் துணி கட்டினார்கள். அப்பாவை அவருடைய படகிலேயே, அவருடைய இன்ஜினிலேயே முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகப் போவதாக இளவரசு எல்லோரிடமும் சொல்லியிருந்தான். படகைத் திருப்பும் கைப்பிடியும் அவன் கையில்தான் இருக்க வேண்டும். இதிலாவது சிதம்பரத்தான் கை படக் கூடாது.

ஆற்றங்கரையில் ஆண்கள் பத்துப் பேர். பெண்கள் வரக் கூடாது என்று சொல்லியும் கேளாமல் தங்கை கயல்விழி வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். சித்தப்பா அஸ்திச் சட்டியோடு படகில் ஏறி உட்கார்ந்தார். தமிழ்மணி முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டான். இளவரசு கயிற்றை இழுத்தான்.

இன்ஜின் கிளம்பியது. தண்ணீர் பீய்ச்சவில்லை.

சட்டென்று அணைத்து, இன்ஜினைத் தூக்கி, அடியில் தண்ணீர் இழுக்கும் சல்லடையைப் பார்த்தான். கொஞ்சம் சேறு இருந்தது. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தான். வரவில்லை. அப்படியென்றால் ரப்பர்தான். நேற்று பத்துப் பேர் மெச்ச வேண்டும் என்று வறட்டு ஓட்டம் ஓட்டினானே, கருகிவிட்டது. தமிழ்மணி அத்தனை பேர் முன்னால் சொன்னான். இப்போது அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

"மாப்ளையப் பாக்கச் சொல்லேன்டா," என்றார் சித்தப்பா.

அந்த வார்த்தைக்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான். நகர்ந்து இடம் விட்டான்.

தமிழ்மணி மூடியைக் கழற்றி இன்ஜினின் தலையில் உள்ளங்கையை வைத்தான். "சுடலை மச்சான். ரப்பருக்கு ஒண்ணும் ஆவல. உள்ள தண்ணி சுத்துது." சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தான். தண்ணீர் வரும் ஓட்டைக்கு நேராக அதைக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். கம்பியை இளவரசிடம் நீட்டினான்.

"நீங்க எடுங்க மச்சான். என்னால முடியல."

இளவரசு குத்தி இழுத்தான். முறுக்கித் திணித்த தேங்காய் நார் ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்தது. தானாகப் போய் அடைத்த நார் இல்லை. வலை கட்டுகிற கை முறுக்கிய முறுக்கு அது.

"யாரு வச்சது?"

"மாமாதான்." தமிழ்மணி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எப்பவும் அவருதான் வைப்பாரு. இது அடைச்சா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அவருக்குத் தெரியும். வெளிய தண்ணி தெரியாது, அவ்ளோதான். சும்மா வாங்கன்னா ஒர்க்‌ஷாப்ப வுட்டு நான் வரமாட்டேன்ல? ரிப்பேர்னா வருவேன், கயலையும் கூட்டிட்டு வருவேன். எனக்கு ரெண்டாவது தடவையே தெரிஞ்சிபோச்சு. அவர்கிட்ட கேட்டுக்கல. போன வாரம் போன் பண்ணாரு, தண்ணி வரலைன்னு. ஞாயித்துக்கிழமை வரோம் மாமான்னேன். ஞாயித்துக்கிழமைதான் வந்தோம், சாவுக்கு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். இளவரசுக்கு இன்னும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மருமகன் மேல் இத்தனை வருஷம் எரிந்தது வீண் என்று புரிந்தது. புரிந்ததும் எரிச்சல் அணையவில்லை, தங்கை பக்கம் திரும்பியது. அவளைப் பார்க்க அப்பா என்னென்ன தந்திரம் செய்திருக்கிறார். அவனைப் பார்க்க அவருக்கு ஒரு சாக்கும் தேவைப்பட்டதில்லை, ஒரே வீட்டில்தான் இருந்தான். அதனால்தானோ என்னவோ, அவர் அவனைப் பார்த்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

"என்னாண்ணே, ரிப்பேரா?" என்று கயல்விழி கரையிலிருந்து கேட்டாள். இரண்டு நாள் அழுததில் குரல் கம்மியிருந்தது.

தமிழ்மணி இளவரசின் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. குப்பை அடைச்சிருந்துச்சு," என்றான் இளவரசு. நாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தமிழ்மணி படகில் ஏறிக்கொண்டான்.

இந்த முறை தண்ணீர் ஒழுங்காகப் பீய்ச்சியது. இளவரசு கைப்பிடியை முறுக்கினான். படகு நடு ஆற்றுக்கு வந்து முகத்துவாரத்தின் பக்கம் திரும்பியபோது கரை தெரிந்தது. நின்றிருந்த ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்துகொண்டிருந்தார்கள். கயல்விழி மட்டும் போகாமல் அதே இடத்தில் நின்றாள். கையைக் கண்ணுக்கு மேலே மறைப்பாக வைத்து, படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கைப்பிடியைத் தள்ளினான். படகின் மூக்கு கரையை நோக்கித் திரும்பியது.

"எங்கடா திருப்புற? அஸ்தி எடுத்துட்டுக் கெளம்பினா பாதியில திரும்பக் கூடாது," என்று பதறினார் சித்தப்பா.

படகு தரை தட்டியதும், "ஏறு" என்றான்.

"நான் வரலாமாண்ணே?"

"ஏறு கயலு."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். தமிழ்மணி கை கொடுத்து ஏற்றினான். உட்கார இடம் இல்லை. சித்தப்பா முனகிக்கொண்டே ஒதுங்கினார். இளவரசு அவரிடமிருந்து சட்டியை வாங்கித் தங்கை மடியில் வைத்தான். அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

நாரைப் பற்றி அவன் அவளிடம் சொல்லவில்லை. முகத்துவாரம் வரும்வரை ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கை சட்டைப்பையின் மேலும் இருந்தன.