கழுத்துப் பாறைக்கு அப்பால்

பல்லேபொலையிலிருந்து மேற்கே பார்த்தால் பொதிமலை தெரியும். பெரிய மலையல்ல. காலையில் ஏறினால் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் இறங்கிவிடலாம். மாட்டின் முதுகில் ஏற்றிய இரட்டைப் பொதிபோல இரண்டு முகடுகள். அவற்றை இணைப்பது இரண்டு முழ அகலமுள்ள ஒரு பாறை. அதைக் கழுத்துப் பாறை என்போம். இரு பக்கமும் பள்ளம்.

கண்டி அரசர் காலத்தில் எங்கள் மூதாதை பொதிமாடுகளில் புத்தளத்து உப்பைக் கொண்டுவந்து அரண்மனைக்குக் கொடுத்தவர். அதற்காகவே அடிவாரக் காணி எங்களுக்குக் கிடைத்தது. மேல்முகட்டில் அவர் அடங்கியிருக்கிறார் என்று ஊர் நம்பியது. ஆண்டுக்கொருமுறை எங்கள் குடும்பத்தின் மூத்த ஆண் தனியாக ஏறி, அவர் புதைக்கப்பட்ட கப்றுக்குத் துணி போர்த்தி, பாத்திஹா ஓதி வந்து, பள்ளிவாசல் முற்றத்தில் கப்றின் நிலையைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் கழுத்துப் பாறையைத் தாண்டுவதில்லை. அது எங்கள் உரிமை.

நான் பத்தொன்பது ஆண்டுகள் ஏறினேன். ஒருமுறையும் கழுத்துப் பாறையைத் தாண்டவில்லை. முதல் ஆண்டு பாறையின் நடுவில் பயந்து உட்கார்ந்து, தவழ்ந்து திரும்பினேன். துணியைப் பள்ளத்தில் விட்டேன். முற்றத்தில் என் வாப்பா வழக்கமாகச் சொன்னதையே சொன்னேன்: தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு மீசான் கற்கள், கொஞ்சம் பாசி, குறையொன்றும் இல்லை.

முழங்கால் பழுதானதும் மகன் ஸஹாப்தீனை அனுப்பினேன். அவன் வந்து, "தலைமாட்டு மீசான் கல்லு கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றான். ஊரார் தலையசைத்தார்கள். கண்டு சொன்னானா, கட்டிச் சொன்னானா? நான் கேட்டால் அவனும் என்னைக் கேட்பான். மூன்று ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நில அளவை உத்தியோகத்தர் சிவசுப்பிரமணியம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"மேல சமாதி இருக்கெண்டு சொல்லுகினம். கண்டால் படத்தில குறிக்கலாம், ஐயா. அரசாங்கப் படத்தில ஏறினால் பிறகு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது."

ஊர் மகிழ்ந்தது. வழிகாட்ட ஸஹாப்தீன் புறப்பட்டான். நானும் வருவதாகச் சொன்னேன்.

"இந்த முழங்காலோடயா? ஒங்களச் சுமக்க ஒரு பொதிமாடு தேடணும் வாப்பா," என்றான். ஆனால் தடுக்கவில்லை.

கழுத்துப் பாறையில் மூடுபனி இறங்கியிருந்தது. முந்திய இரவு மழை.

"வழுக்கும் போல கிடக்கு. இன்னொரு நாளைக்குப் பாப்பம்," என்றார் உத்தியோகத்தர்.

"எனக்குப் பழகின பாதை, சேர். நான் முன்னுக்குப் போய்க் காட்டுறேன்," என்றான் ஸஹாப்தீன்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று முறை போனவனுக்கு எங்கே பிடிப்பதென்று கை தேடாது. நடுவில், நான் உட்கார்ந்த அதே இடத்தில், உட்கார்ந்தான். பிறகு மறுபடி எழுந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அதனால் எழுந்தான். என் கண்முன் திரும்புவதைவிட விழுந்துவிடுவான். என் பிள்ளை.

"ஸஹாப்தீன், திரும்பி வா."

"இன்னும் கொஞ்சந்தான் வாப்பா."

அவன் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் மேலே வரவேயில்லை.

"அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது," என்றேன். வெளியாள் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது தெரிந்துதான் சொன்னேன். "நான் ஒருநாளும் தாண்டினதில்ல மகன். ஒவ்வொரு வருசமும் இதோட திரும்பினேன்."

அவன் அசையவில்லை. மனதில் ஓதிக்கொண்டிருந்த குர்ஆன் ஆயத்து பாதியில் மறந்துபோனது. பிறகு வயிறு பாறையில் பட, பின்புறமாகவே நகர்ந்து வந்தான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சில்லென்றிருந்தது.

"சாஞ்ச கல்லு நான் கட்டின கதை வாப்பா," என்றான் மூச்சுவாங்க. "நீங்க சொன்னதையே சொன்னா நம்பமாட்டாங்கன்னு பயந்தேன்."

உத்தியோகத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார். கடைசியில், "நான் என்னத்தை எழுத, ஐயா?" என்றார்.

"மலையின்ட உயரத்த எழுதுங்க. நாங்க ஒருநாளும் தாண்டாதத ஊருக்கு நான் சொல்றேன்."

இறங்கும்போது பனி விலகியது. பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் கூடியிருப்பது தெரிந்தது. என் தம்பிகளும் நின்றார்கள். மகனைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன்.