வரப்பில்லாத தேசம்

மாலத்தீவுக்குப் போக ஆயிரம் காரணம் சொல்வார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் காலைச் சுற்றும், மணல் பச்சரிசி மாவு என்பார்கள். எதையும் நான் நம்பவில்லை. விற்கிறவன் தன் மாட்டுக்குப் பல் இல்லை என்றா சொல்வான்? நான் போனதற்கு ஒரே காரணம் என் பெண்சாதி மங்களாம்பிகை.

மகன் பிரபு அங்கே ஒரு தீவில் எலக்ட்ரீஷியன். ஏழு நாளுக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து திருக்கடையூரைத் தாண்டி அவளை நான் எங்கும் கூட்டிப் போனதில்லை. எப்போது கேட்டாலும் நடவு, களை, அறுப்பு. இந்தத் தடவை மாசி மாதம், சம்பா அறுத்தாயிற்று.

"வயல்ல உளுந்து நிக்குது. ஆடு மேஞ்சிடும்" என்றேன்.

"மேயட்டும். ஏங்க, இப்பவே சொல்லிடறேன். அங்க போயி வயலு, வரப்பு, மடைன்னு ஒரு வார்த்த வரக்கூடாது. யாரு வாயத் தொறந்தாலும் அன்னிக்கே தனியா ஊருக்குக் கெளம்பிடணும். மத்தவங்க இருந்து பாத்துட்டு வருவாங்க. மாரியாத்தா மேல சத்தியம்."

"யாரு தொறந்தாலுமா? உனக்கும் சேத்துத்தானா?"

"எனக்குந்தான். நான் எதுக்கு அங்க போயி வயலப் பத்திப் பேசப்போறேன்?"

சத்தியம் செய்தேன். தனியாகத் திரும்பினால் சோறு யார் ஆக்குவது? டீக்கடையில் யார் முகத்தில் விழிப்பது? பெண்டாட்டியைத் தீவில் தொலைத்தவன் என்று பேர் வைத்துவிடுவான்கள். வாயைக் கட்டிவிட வேண்டியதுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இறங்கினதும் பாஸ்போர்ட்டில் தொண்ணூறு நாளுக்கு முத்திரை குத்துகிறார்கள். காசு கேட்பதில்லை. காசு கேட்காத சர்க்காரை நான் பார்த்ததில்லை; வரிசையில் மறுபடியும் போய் நின்று கேட்டேன். போங்க போங்க என்று கையைக் காட்டினான். சாராயம் தேடுகிறவர்கள் போக வேண்டாம், ஊர் ஜனம் இருக்கிற தீவில் கிடையாது. குடை கட்டாயம். வெயில் மேலிருந்தும் அடிக்கும், மணலிலிருந்தும் அடிக்கும். ஊறுகாயை மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். என் வேட்டி இன்னும் நாரத்தங்காய் வாசனை.

பிரபு எங்களைத் தங்க வைத்த விடுதிக்கு மேனேஜர் கலந்தர், அதிராம்பட்டினத்துக்காரர். வாசலில் நின்று பார்த்தேன். தென்னை, மணல், உடனே கடல். நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு சாண் மேடு கிடையாது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அங்கும் கடல்.

"ஏன் தம்பி, இது ஏறி வந்தா என்ன செய்வீங்க?" என்று கடலைக் காட்டினேன்.

"வந்துட்டுத் திரும்பிப் போயிடும்ணே."

"போகலன்னா?"

"நல்ல வார்த்த சொல்லுங்கண்ணே. முதலாளி காதுல விழப்போவுது."

மங்களம் முறைத்தாள். நான் சொன்னது கடல்தானே, வயல் இல்லையே. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

வாய்தான் மூடியது. தண்ணீர் பக்கத்தில் வரப்பில்லாமல் நான் உட்கார்ந்ததே கிடையாது, முதுகு கூசியது. மறுநாள் விடிந்ததும் காலைச் சோறு வைக்கிற தட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் மண்ணை அள்ளிப் போட்டேன். மணல் வரப்பு நிற்காது, களிமண் வேண்டும். தெரியும். தெரிந்தும் கை கேட்கவில்லை. ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டி, மிதித்து, முழங்கால் உயரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மங்களம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன இது?"

என் வாயைத் தொட்டுக் காட்டினேன். மூடியிருக்கிறது, பார்த்துக்கொள்.

"நல்லா இருக்குங்க உங்க சத்தியம்" என்று போய்க் குடைக்கடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த அறையில் ஒரு ஜெர்மனிக்காரனும் அவன் சம்சாரமும். அவர்களும் தட்டோடு வந்தார்கள். கேட்டார்கள், நான் பேசவில்லை. பேசாத கிழவன் என்றால் பெரிய சாமியார் என்று நினைத்துவிட்டார்கள். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே மண் அள்ளினார்கள். மறுநாள் வேறு விடுதியிலிருந்தும் ஜனம். கலந்தர் பலகையில் எழுதி வைத்துவிட்டார்: காலையில் மௌன வரப்பு, மாலையில் மீன்பிடி.

"அண்ணே, முதுகு வலி போயிடுச்சுங்கறாங்க!"

எனக்குத்தான் வந்தது.

பௌர்ணமி சாயங்காலம் கடல் ஏறியது. திரும்பிப் போயிடும் என்று கலந்தர் சொன்ன கடல் திரும்பாமல் மேலே மேலே வந்தது. வரப்பின் வடக்கு மூலையில் விரல் அளவுக்கு நீர் கசிந்தது. எனக்கு உயிரே போயிற்று. உடைப்பு அங்கே, வெள்ளைக்காரர் எல்லாம் சிரித்துக்கொண்டு தெற்கே மண் போடுகிறார்கள். கத்த வேண்டும். கத்தினால் போச்சு. துண்டை வாயில் திணித்துக்கொண்டு கையைக் காலை ஆட்டினேன். அவர்களும் அதேபோல ஆட்டினார்கள். ஜெர்மனிக்காரன் துண்டையும் திணித்துக்கொண்டான்.

அப்போது குடைக்கடியிலிருந்து ஒரு சத்தம்.

"அடேய் வெள்ளப்பன்னிகளா! ஒடப்பு வடக்கால! வடக்கு வரப்புல மண்ணப் போடுங்கடா! ஏ பொண்ணு, குத்துக்கல்லாட்டம் நிக்காத, ஒக்காந்து அடைடீ!"

மங்களாம்பிகை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து கசிவில் தானே உட்கார்ந்துவிட்டாள். நடவுக் காலத்தில் ஆளை ஏவின குரல். அத்தனை பேரும் வடக்கே ஓடினார்கள். ஓடின ஓட்டத்தில் மிதிபட்டு வரப்பு மொத்தமும் போயிற்று. கடல் வந்து கலந்தரின் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் துண்டை எடுத்தேன். "மங்களம், வரப்புன்னு சொன்னே."

அவள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி விரலில் ஒட்டின மணலைக் கழுவினாள்.

"ஆமா. சொல்லிட்டேன்" என்று எழுந்தாள். "பிரபுவக் கூப்புடுங்க. படகு இருக்கான்னு கேக்கணும்."

"பைத்தியமா ஒனக்கு? வெளையாட்டுக்குச் சொன்னது."

"மாரியாத்தா பேரச் சொன்னது வெளையாட்டா?"

"அப்ப நானும் வர்றேன்."

"தனியான்னுதானே சத்தியம்? நீங்க இருந்து பாத்துட்டு வாங்க."

பிரபு கெஞ்சினான். ஜெர்மனிக்காரி அழுதாள். மங்களம் ஈரப்புடவையைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்துவிட்டாள். இதுவரை தஞ்சாவூருக்குக்கூடத் தனியாகப் போகாதவள். படகில் ஏறி, முன்னால் இடம் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆட்ட வெரட்டிட்டு போன் பண்றேன்" என்று கத்தினாள். "நீங்க ஒண்ணும் கேக்கப்படாது!"

படகு போயிற்று. உளுந்து காய் பிடித்திருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். ஏழு நாளில் இன்னும் மூன்று நாள் இருந்தது, சத்தியமும் இருந்தது. மூடிக்கொண்டேன்.