வைகாசிக்குள் போட்ட தளம்

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில் யுவராணி கூடத்தைக் கழுவினாள். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் வாசலுக்கு வந்தது ஒரு வாளிகூட இல்லை. மீதி எங்கே போகிறது என்று விளக்குமாற்றோடு பின்னாலேயே போனவள், சுவரோரம் கிடந்த மரக்கட்டிலை இழுத்தாள். சிமெண்டுத் தளத்தில், மூலையிலிருந்து நடுக்கூடம்வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரல் நுனி நுழையும் அகலம். தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இங்கன வாங்க."

சுருளிராஜன் வந்து நின்றான். அவனுக்கு அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஆவணியிலேயே பார்த்துவிட்டான். அப்போது அது தலைமுடி கனம்தான். காற்று வருகிறது என்று சொல்லிக் கட்டிலை அந்த மூலைக்கு நகர்த்தியவனே அவன்தான்.

சின்னமனூருக்கு வெளியே, நெல் வயலாயிருந்த மனைகளில் சுயம்புலிங்கம் என்பவர் கட்டி விற்ற வீடு அது. அவர்கள் விலை பேசியபோது சுவரும் கூரையும் முடிந்து, தரை மட்டும் மண்ணாகக் கிடந்தது. யுவராணி சுருளிப்பட்டியில் தன் பங்குக்கு வந்த திராட்சைத் தோட்டத்தை விற்றாள். பந்தலில் காய் பிடித்திருந்தது. ஓர் அறுப்பு எடுத்துவிட்டு விற்கலாமே என்று அவள் தம்பி சுரேஷ்கண்ணன் கேட்டான். சுருளிராஜனுக்குப் பொறுக்கவில்லை.

பொறுக்காததற்குக் காரணம் கம்பத்தில் இருந்தது. அவன் அண்ணன் கர்ணன் அங்கே வீடு கட்டி, வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். ஒரு காதுகுத்துப் பந்தியில் பத்துப் பேர் காதுபட, "நம்ம சுருளிக்கு வாடகை வீடுதேன் ராசி. சாமான் தூக்க ஆள் வேணும்னா மட்டும் சொல்லிவிடுடா" என்றார். பந்தியே சிரித்தது. சுருளிராஜன் ரசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன் அவன். குடுவைகளைக் கழுவி அடுக்கிவிட்டு, யாரோடும் பேசாமல் நாளைக் கழிக்கத் தெரிந்தவன். அந்தச் சிரிப்பு மட்டும் குடுவைகளுக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

சுயம்புலிங்கம் அன்றே சொன்னார். "தம்பி, அடியில வயக்களிமண்ணு. மேல நாலடி கிராவல் கொட்டியிருக்கேன். ஒரு மாசமாவது தண்ணி கட்டி, திமிசுக்கட்டையால இடிச்சு, படிய விட்டுத்தேன் தளம் போடணும். ஆவணியில பால் காய்ச்சுங்க."

ஆனியும் ஆடியும் புதுமனை புக ஆகாத மாதங்கள். ஆவணி என்றால் அண்ணன் முந்திவிடுவார்.

"வைகாசிக்குள்ள முடியணும். முடியாதுன்னா வேற வீடு பார்த்துக்கிறேன்."

அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்து உதறிவிட்டு, மறுநாளே தளம் போட ஆள் வரச் சொன்னார். யுவராணி அன்று உடன் வரவில்லை. அவன் அவளிடம் சொல்லவும் இல்லை.

அண்ணனுக்கு ஒன்பது நாள் முந்திப் பால் பொங்கியது. கர்ணன் வந்தார், சாப்பிட்டார், தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "டைல்ஸ் போடலையாக்கும்" என்றார். அவ்வளவுதான் அந்த வெற்றி.

"நமக்கு ஏழரை நடக்குது," என்றான் இப்போது. "குச்சனூர் போய் ஒரு எள் விளக்குப் போட்டுட்டு வரணும்."

"சனீசுவரனா வந்து சிமெண்டு குழைச்சாக?" என்றாள் யுவராணி. "அந்தாளுக்குப் போனைப் போடுங்க."

அவன் போடவில்லை. அவளே போட்டாள்.

மதியம் சுயம்புலிங்கம் வந்தார். வெடிப்பின் பக்கத்தில் குத்தவைத்து, விரல் கணுவால் தரையைத் தட்டினார். அடியில் ஒன்றுமில்லாத ஓசை வந்தது. "மண்ணு படியாம உள்ள இறங்கிருச்சு ஆத்தா," என்றார்.

"எங்கப்பா தோட்டத்தை வித்துக் குடுத்தேன்ணே," என்றாள் யுவராணி. "காயோட குடுத்தேன். மண்ணைப் படிய விடாம தளத்தைப் போட்டிருக்கீக. இது தெரியாமயா இத்தனை வருசம் வீடு கட்டுறீக?"

"தெரியாமப் போடல ஆத்தா." அவர் நிமிர்ந்து சுருளிராஜனைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியும்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்து, முடியாமல், மறுபடி உதைத்தார்கள். நான்தான் அவசரப்படுத்தினேன் என்று சுருளிராஜன் சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஒரு பந்தியில் கேட்ட சிரிப்பைத் தவிர அவனிடம் பதில் இல்லை. இதற்காகவா என் தோட்டம் என்று அவள் கத்தமாட்டாள். ஒருமுறை பார்ப்பாள். அந்தப் பார்வையோடு இதே வீட்டில் மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மண்ணைப் பத்தி எனக்கென்ன தெரியும்," என்றான். "இவுக போடலாம்னாக. சரின்னேன்."

சுயம்புலிங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆமா ஆத்தா. எனக்குத்தேன் தெரிஞ்சிருக்கணும். உடைச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தாரேன். என் செலவு."

வழியனுப்ப சுருளிராஜன் வாசல்வரை போனான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, அது என் தப்புதேன்" என்றார்.

அவன் உள்ளே வந்தபோது யுவராணி போனை நீட்டினாள். மறுமுனையில் சுரேஷ்கண்ணன். தை மாதம் தன் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட சுயம்புலிங்கத்திடம்தான் அவன் பேசி வைத்திருந்தான்.

"அவர்ட்ட வேலையைக் குடுக்க வேணாம்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பொம்பளைப் பேச்சும்பான்."

போன் சுருளிராஜன் கைக்கு வந்துவிட்டது.

"மாப்ள," என்றான். "அந்தாளு வேணாம்." இதோடு நிறுத்தியிருக்கலாம். "அவசரக்காரர். எடுத்துச் சொன்னாலும் கேட்க மாட்டார்."

"நல்லவேளை மச்சான். உங்களால தப்பிச்சேன். இங்கன இன்னும் ரெண்டு பேர் அவர்ட்ட குடுக்கிறதா இருக்காக, அவுகட்டயும் சொல்லிடுறேன்."

"சொல்லிரு," என்றான் சுருளிராஜன்.

யுவராணி போனை வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

"இத்தனை வருசத்துல இன்னைக்காச்சும் வாயைத் திறந்தீகளே," என்றாள்.