கார்பன் செல்னிக் முந்திக்கொண்ட இரண்டு வருஷம்

1950 ஜூலை பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, நியூயார்க் லஃபயெட் தெரு முனையில் ஃபியோரியின் பத்திரிகைக் கடை மேல் மட்டும் பனி பெய்தது. தெருவில் நெருப்பாய் வெயில். ஃபியோரி மட்டும் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பனி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு கட்டாகத் தூக்கிப் பார்த்தான். கடைசியில் பிடிபட்டது மெண்டல் செல்னிக் போட்ட புதுப் பேய் காமிக்ஸ். விலை பத்து சென்ட், அட்டையில் ‘டிசம்பர்’ என்று தேதி. கட்டைப் பின்பக்கம் நகர்த்தினான். பனியும் பின்பக்கம் போனது. பிறகு அவனுக்குப் புத்தி வேலை செய்தது. வாங்கிப் பிடரியில் வைத்துக்கொள்ளுங்கள், குளுகுளு என்றிருக்கும் என்று கூவி, மத்தியானத்துக்குள் நாற்பது பிரதியையும் விற்றுத் தீர்த்தான். பனி நின்றது, கையுறையைக் கழற்றினான்.

ஜூலையில் விற்கிற புத்தகத்துக்கு டிசம்பர் தேதி ஏன் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். அட்டையில் போட்ட மாதம் முடிந்ததும் கடைக்காரன் விற்காததன் அட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் எல்லாக் கம்பெனிக்காரர்களும் இரண்டு மூன்று மாதம் தள்ளியே தேதி போடுவார்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. செல்னிக் செய்த தப்பு வேறு. எதிர் அறையில் கம்பெனி நடத்திய இஸி டார்னோவர் அக்டோபர் என்று போட்டால் இவர் நவம்பர் என்று போட்டார். இஸி நவம்பர் என்றால் இவர் டிசம்பர். தேதியிலாவது ஒரு தடவை முந்திவிட மாட்டோமா என்ற ஏக்கம்தான். ஐந்து மாதத்தைத் தொட்டதும் தேதிக்கே ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அந்த ஏக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கௌபாய்க் கதை ஓடியபோது செல்னிக் கௌபாய் போட்டார், குதிரைகள் எல்லாருக்கும் அலுத்துப்போன பிறகு. திருட்டு, கொலை என்று போட்டார், போலீஸ்காரர்களுக்கே கொட்டாவி வந்த பிறகு. காதல் கதையும் அப்படித்தான். நகல் எடுக்கிற கார்பன் தாளை வைத்து, தொழிலில் அவர் பெயரே கார்பன் செல்னிக். மனைவி ஃப்ரீடா வேறு, “ஏங்க, நம்ம கல்யாணத்துக்கே எங்கண்ணன் கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுத்தானே பொண்ணு கேட்டு வந்தீங்க?” என்று விருந்தாளிகள் முன்னால் கேட்பாள். அந்த அண்ணன் இந்த இஸிதான். மச்சானும் மாப்பிள்ளையும் காலையில் ஒருவர் அட்டையை ஒருவர் பார்த்துக் கருவுவார்கள். பன்னிரண்டரைக்கு மூலைக் கஃபடேரியாவில் ஒரே மேஜையில் பார்லி சூப்பும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிடுவார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை, யூதப் பண்டிகை தவிர.

பனி பெய்த மூன்றாம் நாள், வரப்போகிற டிசம்பரில் எழுதிய வாசகர் கடிதம் ஒன்று வந்தது. தபால் தாமதம் எங்கள் ஊரில் சகஜம்தான், ஆனால் இந்தத் திசையில் இல்லை. ஒஹாயோவிலிருந்து வில்மா என்கிற பள்ளிக்கூடப் பெண் எழுதியிருந்தாள்: உங்கள் பிணம் பரவாயில்லை, ஆனால் டார்னோவர் புத்தகத்தில் வந்த, குளத்தில் மூழ்கிய கல்யாணப்பெண் என் தூக்கத்தையே கெடுத்துவிட்டாள். செல்னிக் எதிர் அறைக்குப் போய்ச் சும்மா விசாரிப்பதுபோல விசாரித்தார். மூழ்கிய பெண்ணா, யாரு அது என்றார் இஸி.

இஸி இனிமேல்தான் அதைப் போடப்போகிறார் என்று புரிந்ததும் செல்னிக் தன் அறைக்கு ஓடினார். அட்டை வரையும் லொரெய்ன் பிசானியைக் கூப்பிட்டு, குளம், கல்யாணப்பெண், படியெல்லாம் ஈரக் காலடி என்று சொன்னார். லொரெய்ன் வரைந்தாள். மை காயவே இல்லை. ஒற்றுத்தாளை மாற்றி மாற்றி வைத்து, ஈரத்தோடு அச்சகத்துக்கு அனுப்பினார்கள். புத்தகம் வந்த வாரமே தீர்ந்தது. அதைப் பார்த்த இஸி வாழ்நாளில் முதல்முறையாக மாப்பிள்ளையைக் காப்பியடித்து, நவம்பரில் தன் கல்யாணப்பெண்ணைக் கொண்டுவந்தார். அதைத்தான் டிசம்பரில் வில்மா வாங்கிப் படித்தாள்.

அந்தக் கடிதத்தைப் படித்திருந்த லொரெய்ன் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கேட்டாள்: “அப்போ சார், நீங்க அவரைப் பார்த்துச் செஞ்சீங்க, அவர் உங்களைப் பார்த்துச் செஞ்சார். இந்தப் பொண்ணை மொதல்ல நெனச்சது யாரு?”

“அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? போய் வேலையைப் பாரு.”

“பெத்தவங்களே இல்லாத பொண்ணு சார். பாவமா இருக்கு.”

பிற்காலத்தில் பேய்க் கதையை ஆரம்பித்தது யார், பின்னால் ஓடியது யார் என்று ஆராயப் புறப்பட்டவர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செல்னிக்கோ அதையெல்லாம் யோசிக்கவில்லை. மாதாமாதம் கட்டுக்கட்டாய் வருங்காலக் கடிதம் வந்தது. ஓநாயாகும் பல் டாக்டர், பேசும் சவப்பெட்டி, ஒரு மரக்கால் மட்டும் தனியாக வீடு தேடி வருவது, எல்லாம் முதலில் செல்னிக்கின் அட்டையில்தான். ஊரே அவரைப் பின்பற்றியது. விநியோகஸ்தர் சங்கம் வருடாந்திர விருந்தில் ‘முன்னோடி’ என்று பித்தளைத் தகடு கொடுத்தது. அன்று மேடையிலேயே அழுதுவிட்டார் மனிதர். ஃப்ரீடாகூட அன்றைக்கு அந்தக் கல்யாணக் கதையை எடுக்கவில்லை.

சங்கடம் என்னவென்றால், ஒருவன் முந்த இன்னொருவன் பிந்த வேண்டியிருக்கிறது. இஸிக்கு எது தோன்றினாலும் ஃபியோரி கடையில் அது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஓடிப்போய்ப் பார்ப்பார், தொப்பியைக் கழற்றுவார், திரும்பி வருவார். இரண்டு வருஷத்தில் இருபது கிலோ இளைத்தார். 1952 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சூப்பைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

“மாப்ளே, நான் கம்பெனியை மூடறேன். நெவார்க்ல சித்தப்பா பையன் தரைவிரிப்புக் கடை வெச்சிருக்கான். வரச் சொல்றான்.”

“என்ன மச்சான் உளர்றே! தரைவிரிப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதான் நல்லது. தலையில ஒண்ணுமே மிச்சமில்ல மாப்ளே. எதைத் தொட்டாலும் அங்க நீ முன்னாடியே உக்காந்திருக்கே. சந்தோஷம்தான், நம்ம ஃப்ரீடா புருஷன்தானேன்னு மனசைத் தேத்திப் பார்த்தேன். முடியல.”

அன்று பிற்பகல் செல்னிக் தகட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது அது. எதிரே இஸி இல்லாத மேஜையையும் நினைத்துப் பார்த்தார். மறுநாள் பன்னிரண்டரைக்கு ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கடிதங்களைக் கொண்டுபோய் ஊறுகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார், டிசம்பர் தேதி முதல் மரக்கால் வரை. இஸி கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் படித்தார். அடுத்த ஆண்டின் தபால் முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிட்டு எழுந்து போய், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

“அடப்பாவி! அப்போ அந்த மரக்கால் என்னோடது!”

“உன்னோடதுதான் மச்சான். ஆனா நீ அதை என்கிட்ட காப்பியடிச்சே.”

“நான் செய்யப்போறதை நீ திருடி, நீ திருடினதை நான் திருடினேனா? வெக்கமா இல்ல உனக்கு?”

“இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு.”

இஸி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு அன்றைக்கும் தள்ளி வைத்திருந்த சூப்பை இழுத்துக் குடித்தார், ஆறிப்போயிருந்தும். “ஓநாய்ப் பல் டாக்டரை நீதான் நல்லா போட்டே,” என்றார். “என்னோடது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்துது.”

அந்த மாதம் செல்னிக், தெருவில் யாரும் செய்யாத காரியமாக, அட்டையில் அன்றைய தேதியையே போட்டார். மறுநாளே ஃபியோரி திட்டிக்கொண்டே அட்டைகளைக் கிழித்துத் திருப்பி அனுப்பினான். ஒரு பிரதி விற்கவில்லை. வருங்காலக் கடிதமும் நின்றது. அதற்கப்புறம் வந்தவையெல்லாம் போன வாரம் எழுதினவை, பெரும்பாலும் எழுத்துப்பிழையைத் திட்டி. சங்கம் தகட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இஸி நெவார்க்குக் கிளம்பவும் இல்லை, புதிதாக ஒன்றும் போடவும் இல்லை. செல்னிக் பழைய கௌபாய்ப் படங்களைத் தூசி தட்டினார். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் இஸி மேஜைக்கு வந்து உட்காரும்போதே முகம் மாறியிருந்தது. தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார்.

“மாப்ளே, காலையில சுரங்க ரயில்ல வரேன். ஒண்ணு தோணிச்சு. ஒரு வீடு. அந்த வீட்டுக்காரன் தினம் சாயங்காலம் திரும்பி வர்றப்போ வீட்ல ஒரு கதவு அதிகமா இருக்கு.”

செல்னிக்கின் கரண்டி பாதியில் நின்றது. இதை யாரும் அவருக்கு எழுதவில்லை. இந்த வீட்டை அவர் எந்தக் கடிதத்திலும் படித்ததில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஊரையெல்லாம் பயமுறுத்திய மனிதருக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. நாற்காலியை மேஜையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார். “அப்புறம் என்ன ஆச்சு மச்சான்?”