இறக்கி வைத்ததும் எடுத்த ரத்தம்

கதிர்வேல் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினான். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். தண்ணீர் ஓடிய தடத்தை இன்னொருத்தி பாவாடையை உயர்த்திக்கொண்டு தாண்டினாள். பார்த்துக்கொண்டிருந்த அகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எச்சிலைக் கண்டு அல்ல.

பங்குனித் திருவிழாவில் சாமி வாகனத்தின் முன்தண்டு கதிர்வேலின் தோளுக்கு உரியது. பட்டுத் தறியிலிருந்து எழுந்தால் அவனுக்கு அந்தத் தண்டுதான். நாளை மறுநாள் வாகனத்துக்கு அவன் வரக்கூடாது என்று தூக்குகிறவர்களின் தலைவர் கலியன் சொல்லிவிட்டார். "டிபி ரத்தமாம்பா உனக்கு. டாக்டரே போன் பண்ணினாரு."

அந்த ரத்தத்தை எடுத்தவள் அகிலா.

ஊருக்கு வெளியே உள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பகலில் வேலை, மாலையில் வகுப்பு. டாக்டர் கலியாணசுந்தரத்தின் ஆராய்ச்சி, மோனோசைட் என்ற வெள்ளை அணுக்களைப் பற்றியது. ரத்தத்தில் ஒளிரும் சாயங்களைக் கலந்து இயந்திரத்தில் விட்டால், அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடும். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழும். பெரும்பாலான மோனோசைட்டுகளில் பதினான்காம் எண் சாயம் மட்டும் ஒட்டும். கொஞ்சத்தில் பதினாறும் சேர்ந்து ஒட்டும். காசநோயாளிகளிடம் இந்தக் கொஞ்சம் பெருகியிருக்கும். புள்ளிகளைச் சுற்றிப் பெட்டி வரைந்து எண்ண வேண்டும். எல்லோருக்கும் ஒரே பெட்டி, அதுதான் விதி.

ஒப்பிட நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டியிருந்தது. தன் தெருவிலேயே இத்தனை கட்டுமஸ்தான ஆட்கள் இருக்கிறார்களே என்று திருவிழாவின் முதல் நாள் அகிலா கோயில் மண்டபத்துக்குப் போனாள். வாகனத்தை இறக்கிய கையோடு அவர்களை உட்கார வைத்தாள். வியர்வையும் திருநீறும் குழைந்து பஞ்சு சாம்பல் நிறமானது. ஊசி குத்திய இடத்தில் ஈ மொய்த்தது. ஒருவன் இடது கையை அவளிடம் நீட்டிவிட்டு வலது கையால் புளிசோறு தின்றான். முதலில் வந்தவன் கதிர்வேல்.

"இன்னும் ஒரு சொம்பு எடுத்துக்கோம்மா. சாமி குடுத்த ரத்தம்" என்று சிரித்தான்.

திரையில் அத்தனை பேருக்கும் பதினாறு பெருகியிருந்தது. டாக்டர் மிளகாய் பஜ்ஜி தின்ற விரலாலேயே மவுஸைப் பிடித்து, எண்ணிக்கை சாதாரண அளவுக்கு இறங்கும்வரை ஒவ்வொருவரின் பெட்டியையும் சுருக்கினார். எண்ணெய் பிசுக்கு மவுஸில் பளபளத்தது. கதிர்வேலின் புள்ளிகள் மட்டும் எந்தப் பெட்டிக்கும் அடங்கவில்லை. இவனுக்கு டிபிதான் என்று உடனே கலியனுக்குப் போன்.

தன் தவறாகத்தான் இருக்கும் என்று அகிலா ஒவ்வொரு படியாகத் திரும்பப் பார்த்தாள். பதினாறு ஒட்டும் வேறு அணுக்களும் உண்டு. அவற்றைப் பிரிக்கும் மூன்றாவது சாயத்தை விட்டுவிட்டேனா? விடவில்லை. குழாய் மாறிவிட்டதா? மாறவில்லை. பிறகுதான் கதிர்வேலின் நரம்பு விரலுக்கடியில் துள்ளியது நினைவுக்கு வந்தது. நோயாளிகளிடம் எடுத்ததெல்லாம் படுக்கையில் படுத்திருந்தபோது. இவர்களிடம் எடுத்தது பாரத்தை இறக்கிய மூச்சு அடங்கும் முன்னால். உடம்பு வருந்தினாலும் கொஞ்ச நேரத்துக்குப் பதினாறு பெருகும்.

மறுநாள் காலை தறிக்குழியில் இறங்கும் முன்னால் கதிர்வேலைச் சுவரோரம் உட்கார வைத்து மறுபடி எடுத்தாள். "இன்னாம்மா, மிச்சம் வெச்சத எடுக்க வந்தியா?" என்றான். சிரிக்கவில்லை.

நோயாளிகளுக்குப் போட்ட அதே பெட்டிக்குள், சாதாரண ஆளுக்கு இருக்கும் அளவே இருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "இத மட்டும் மாத்திப் போடு. மத்ததுக்கு நான் பெட்டி போட்டாச்சு."

"அது தப்பு சார். எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும்."

"சாயம் உங்க அப்பன் வாங்கித் தருவாரா?"

"கலியன்கிட்டயாவது சொல்லுங்க சார்."

"உன் தெருதான? நீயே சொல்லு." பல்லிடுக்கில் சிக்கியதை நகத்தால் தோண்டி, பார்த்துவிட்டு, மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். அகிலா வெளியே வந்து முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். பிசுக்கு போகாதது போலவே இருந்தது.

அகிலா போய்ச் சொன்னதும் கலியன் ஒத்துக்கொண்டார். அடுத்த நாள் கதிர்வேல் முன்தண்டில் தோள் கொடுத்தான். ஆனால் பக்கத்தில் நின்ற பரமசிவம் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். பின்னால் இரண்டு பேரும் கட்டியிருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் கதிர்வேல் ஒரு முறை இருமினான். பரமசிவம் முகத்தைத் திருப்ப, தண்டு சாய்ந்தது. கூட்டம் "ஐயோ" என்றது.

மண்டபத்தில் இறக்கியதும் கதிர்வேல் அகிலாவைப் பார்த்துக் கையை நீட்டினான். "இப்ப எடுத்தா மறுபடியும் டிபின்னுதான வரும்?"

சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டாள்.

"வரும் மாமா. துண்டு கட்டிக்கினு நிக்கிறாங்களே, அவங்களுக்கும் அன்னிக்கி அப்படித்தான் வந்துச்சு. தூக்கி எறக்கினா எல்லாருக்கும் வரும். நோய் யாருக்கும் இல்ல."

கடைசி வார்த்தை யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. பரமசிவம் துண்டை அவிழ்க்கவில்லை. தனக்குப் பின்னால் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தான்; அவனும் பார்த்தான்; இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி உட்கார்ந்தார்கள். "சீ! மனுசங்களா நீங்க?" என்று கத்தினார் கலியன். ஆனால் தன் சொம்பை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கதிர்வேல் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, வெகு நேரம் சிரித்தான்.